டி.எஸ். பாலையா: ஒரு நடிகரின் ஏற்ற இறக்கத்தை எதைக்கொண்டு அளப்பது?

சீவலப்பேரி என்னும் பெயரைத் தமிழ்நாட்டில் பலரும் அறிந்தது ஒரு திரைப்படத்தின் வாயிலாகத்தான். 1994ஆம் ஆண்டில் ‘சீவலப்பேரி பாண்டி’ வெளிவந்தது. அதில் கதாநாயகனாக நடித்த நெப்போலியன், மூன்றாண்டுகளுக்கு முன்னர் ‘புது நெல்லு புது நாத்து’ படத்தில் வயது முதிர்ந்த கொடியவனாக அறிமுகமானவர். அவர் நாயகனானதைத் திரையுலகம் ஓர் உயர்வு என்றே கணக்கிட்டது. வில்லன் நாயகனானால் ஏற்றம். நாயகன் வில்லனானால் இறக்கம். வில்லன் நகைச்சுவைக்கு வந்துவிட்டால் அந்திமக் காலம். இக்கணக்கு நம்மிடையே எவ்வித விசாரணையுமின்றி நிலைபெற்றுவிட்டது. இது சரிதானா என்பதை ஒரு நடிகரின் வாழ்வைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நடிகர் டி.எஸ். பாலையா. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஸ்ரீவைகுண்டம் பகுதியைச் சேர்ந்தவர். 1914இல் பிறந்து 1972இல் மறைந்தவர். தாமிரபரணி சீவலப்பேரியில் சிற்றாற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு கீழே இறங்கி, தன் கடைசி அணையைக் காண்பது ஸ்ரீவைகுண்டத்தில். சிற்றாறு தொடங்கும் மலைப்பக்கத்துச் செங்கோட்டையோ எஸ்.ஜி. கிட்டப்பாவையும் எஸ்.வி. சுப்பையாவையும் தந்தது. நாடகக் கலைக்கு இப்பள்ளத்தாக்கு அளித்த கொடை சிறிதன்று. எனினும் நெல்லை வரலாறு எழுதுவோர் புலவர்களையும் போராளிகளையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றனர். நடிகர்கள் வசூல் கணக்கெழுதுவோரிடம் விடப்படுகின்றனர்.

நம் வாசகர்களுள் சிலருக்குத் திரைப்படம் பற்றிய தயக்கம் உண்டு என்பதை நாம் அறிவோம். அதன் சட்டநிலையை ஆராய்வது ஃபிக்ஹுக் கலைஞர்களின் பணி, இக்கட்டுரையின் பணியன்று. ஆனால் பிறரைப் போலச் செய்து காட்டும் ஆற்றலை ஆராய்வது அரபு இலக்கியத்திற்குப் புதியதன்று என்பதை நினைவூட்டலாம்.

அல்ஜாஹிழ் கண்ட நடிகன்

ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸ்ரா நகரத்துப் பேரறிஞர் அல்ஜாஹிழ், தம் ‘அல்பயான் வத்தப்யீன்’ நூலில் ‘ஹாகியா’ எனப்படும் போலச்செய்வோனைப் பற்றி எழுதியுள்ளார். அவன் யமன் நாட்டார், குராசானியர், அஹ்வாஸ்காரர், ஸன்ஜியர் என ஒவ்வொரு கூட்டத்தாரின் உச்சரிப்பையும் அவர்களைக் காட்டிலும் இயல்பாகப் பேசிக் காட்டுவானாம். பார்வையற்றவனைப் போல நடிக்கும்போது, உலகிலுள்ள பார்வையற்றோர் அனைவரிடமும் சிதறிக்கிடக்கும் முகக்குறிகளையும் கண்ணசைவுகளையும் ஒருவனிடத்தில் திரட்டிக் காட்டுவானாம். அபூ தப்பூபா என்பவர் பாக்தாதின் கர்க் வாயிலில் நின்று கழுதைபோலக் கத்தினால், நோயுற்ற கழுதையும் களைத்த கழுதையும்கூடப் பதில் கத்தாமல் இரா. உண்மையான கழுதை கத்தும்போதோ அவை பொருட்படுத்துவதில்லை என்றும் அவர் எழுதுகிறார்.

நகைச்சுவையாகத் தோன்றும் இச்செய்தியில் நடிப்புக் கலையின் இலக்கணம் ஒன்று அடங்கியுள்ளது. நல்ல நடிகன் ஒரு தனிமனிதனைப் படியெடுப்பதில்லை. ஓர் இனத்தாரிடம் சிதறியிருப்பதைத் திரட்டி ஓருருவாக்குகிறான். இன்று அரபியில் கதை என்னும் பொருளில் வழங்கும் ‘ஹிகாயா’ என்ற சொல்லுக்கு அக்காலத்தில் போலச்செய்தல் என்ற பொருளே முதன்மையாக இருந்ததும் கருதத்தக்கது. பாலையாவின் வேடங்களை இவ்வளவுகோலால் நோக்கும்போது திரையுலகக் கணக்கு காட்டாத சில செய்திகள் புலப்படுகின்றன.

மேடை தந்த முதல்

பாலையா இளமையிலேயே நாடகக் குழுக்களில் பயின்றவர். சங்கரதாஸ் சுவாமிகள் காலந்தொட்டுத் தழைத்த பாய்ஸ் கம்பெனிகள் ஒரு வகையில் உண்டுறைப் பள்ளிகள். டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ நூலில் அவ்வாழ்வின் இன்பதுன்பங்கள் விரிவாகப் பதிவாகியுள்ளன. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என வேடங்கள் வகுக்கப்பட்டிருந்தபோதிலும், ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் அன்றிரவே அவ்வேடத்தைக் கட்டியாக வேண்டும். ஆகவே பையன்கள் தம் பாடத்தோடு பிறர் பாடத்தையும் கேட்டுக் கேட்டு மனனம் செய்திருப்பர். பிற்காலத்தில் ‘குணச்சித்திரம்’ என்றும் ‘பன்முகத் திறன்’ என்றும் புகழப்பட்டது, அக்காலத்தில் பிழைப்புக்கான தேவையாக இருந்தது.

மேடை வேறொன்றையும் தந்தது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரன் காதுவரை சொல் சென்று சேர வேண்டும். எனவே வல்லினத்தை அழுத்தியும் வாக்கியத்தின் இறுதியை விழுங்காமலும் பேசும் பழக்கம் உண்டாயிற்று. பாலையாவின் கனத்த குரலில் ஒவ்வொரு எழுத்தும் தனித்துக் கேட்பதற்கு இப்பயிற்சியே காரணம். மைக்கும் அண்மைக் காட்சியும் வந்த பின்னர் இதே பழக்கம் பல நாடக நடிகர்களுக்குச் சுமையாயிற்று. பாலையாவின் தொடக்ககால வேடங்களிலும் மேடையின் உரப்பு மிகுந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரது திரை வாழ்வு, அந்த உரப்பை எங்கே வைத்துக்கொள்வது, எங்கே விட்டுவிடுவது என்று கற்றுக்கொண்ட வரலாறாகவும் அமைந்தது.

ஒரே வாயில், வெவ்வேறு பாதை

1936ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’, எஸ்.எஸ். வாசனின் கதையை அடிப்படையாகக் கொண்டது. எம்.கே. ராதா நாயகன். அவனை மதுப்பழக்கத்தில் தள்ளிக் குடும்பத்தைச் சிதைக்கும் தீய நண்பன் வேடம் பாலையாவுக்கு வாய்த்தது. அதே படத்தில்தான் எம்.ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றினார்; என்.எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தார். மூவருள் அன்று கனமான வேடம் பெற்றவர் பாலையாவே. எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது சிறியதொரு காவல் அதிகாரி வேடம். மறு ஆண்டு டங்கனின் ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரியான ருத்ரசேனனாகப் பாலையா வந்தார்.

1947இல் ‘ராஜகுமாரி’ வெளிவந்தபோது எம்.ஜி.ஆர். அதன் நாயகன்; பாலையாவும் அப்படத்தில் நடித்தார். 1948இல் ‘மோகினி’யில் இருவரும் ஏறத்தாழச் சமநிலையில் முக்கிய வேடங்களை ஏற்றனர். 1956இல் ‘மதுரை வீரன்’ வந்தபோது எம்.ஜி.ஆர். மக்கள் கொண்டாடும் வீரன். பாலையா அவனை வீழ்த்தச் சூழ்ச்சி செய்யும் நரசப்பன். இருபதாண்டுகளில் படிக்கட்டு தலைகீழாகிவிட்டது. இதனைப் பாலையாவின் சரிவு என்று கூறுவோர் உளர்.

இம்மாற்றத்திற்குரிய காரணங்களைத் திறமையின் ஏற்றத்தாழ்வில் தேடுதல் வீண். முதல் இருபதாண்டுத் தமிழ்ப் பேசும்படத்தில் நாயகன் என்றால் பாடகன் என்றே பொருள். பாகவதர், பி.யு. சின்னப்பா ஆகியோரின் அரியணை சங்கீதத்தின்மேல் அமைந்தது. பேச்சே முதலாகக் கொண்ட பாலையாவுக்கு அவ்வாயில் பாதிதான் திறந்திருந்தது. பின்னணிப் பாடல் முறை வேரூன்றியபின் பாடத்தெரியாதவரும் நாயகராகலாம் என்ற நிலை உண்டாயிற்று. ஆனால் அதற்குள் பாலையா முப்பத்தைந்தை நெருங்கிவிட்டார். அத்துடன் 1952இல் ‘பராசக்தி’யின் வாயிலாகச் சிவாஜி கணேசன் வந்தார். நாயகனின் முகம் ரசிகர் மன்றங்களாலும் அரசியல் இயக்கங்களாலும் சுமக்கப்படும் கொடியாக மாறியது. கொடியாகிவிட்ட முகம் வேடத்துக்கு வேடம் மாற இயலாது. மாறினால் தொண்டர்கள் ஏற்கமாட்டார்கள். பாலையா அவ்விடத்தை அடையாமற்போனது அவருக்கு வருமானத்திலும் விளம்பரத்திலும் இழப்பாக இருந்திருக்கலாம். அவரது கலைக்கு அது இழப்பன்று என்பதே நம் கருத்து.

வேடங்களின் அணிவகுப்பு

1949இல் வெளிவந்த ‘வேலைக்காரி’ அறிஞர் அண்ணாவின் கதை, ஏ.எஸ்.ஏ. சாமியின் இயக்கம். தந்தையின் சாவுக்குப் பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தனாக கே.ஆர். ராமசாமி. அவனது ஆத்திரத்தைத் தடுத்துச் சிந்தனையின் பக்கம் திருப்பும் நண்பன் மணியாகப் பாலையா. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நண்பனைக் குடிகாரனாக்கிய அதே குரல், இப்படத்தில் நண்பனைக் கொலையிலிருந்து மீட்கிறது. காதருகே வந்து தாழ்ந்த தொனியில் காரணம் காட்டிப் பேசும் முறை இரண்டுக்கும் பொதுவானது. ஒருவனைக் கெடுப்பதற்கும் திருத்துவதற்கும் மனிதர்கள் கையாளும் பேச்சுமுறை ஒன்றே என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

1954இல் ‘தூக்குத் தூக்கி’யில் வடநாட்டுச் சேட்டு. தமிழை உடைத்தும் இந்தியைக் கலந்தும் பேசும் அவ்வேடம் பெரும் வரவேற்புப் பெற்றது. அல்ஜாஹிழ் கூறிய ஹாகியாவின் வித்தை இதுதான். எனினும் திறனாய்வாளன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். பிற மொழியாளரின் நாவுத் திருத்தமின்மையைக் கேலிப்பொருளாக்கிக் கைதட்டல் பெறுவது எளிய வழியல்லவா? உருதுத் தமிழ் பேசும் முஸ்லிம் பாத்திரங்களைத் தமிழ்த் திரை நடத்திய விதத்தை அறிந்த நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. பாலையாவின் சேட்டு அந்த எளிய வழியில் தொடங்குகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. காமமும் பேராசையும் அச்சமும் ஒருசேர வாழும் ஒரு மனிதன் அவ்வுடைந்த தமிழுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கிறான். அல்ஜாஹிழின் இலக்கணம் பாதி நிறைவேறியது. மீதிப் பாதி அக்காலத்து ரசனைக்குப் பலியாயிற்று.

1959இல் பீம்சிங் இயக்கிய ‘பாகப்பிரிவினை’. கூட்டுக் குடும்பத்தின் மூத்தவராகப் பாலையாவும் இளையவராக எஸ்.வி. சுப்பையாவும் நடித்தனர். பொருநைக்கரைக் கலைஞரும் சிற்றாற்றுப் பக்கத்துக் கலைஞரும் உடன்பிறந்தவர்களாக ஒரே முற்றத்தில் நின்றது நம் வட்டாரத்திற்கு ஒரு பேறு. சுப்பையா தழுதழுத்து உள்ளத்தைத் திறந்து காட்டுவார்; பாலையா விறைத்து நின்று மறைத்து வைப்பார். மனைவியின் சொல்லுக்கும் தம்பி பாசத்துக்கும் இடையே தள்ளாடும் மூத்தவரை வில்லன் என்று எவரும் கூற இயலாது. வாரிசுரிமைப் பங்கீட்டில் உடன்பிறந்தோர் முகம் திருப்பிக்கொள்வதை நம் ஊர்களில் காணாதவர் யார்? குற்றமும் நேசமும் ஒரே முகத்தில் தங்க முடியும் என்பதைக் காட்டிய இவ்வேடத்தையே பாலையாவின் நடுக்காலத்துச் சிகரமாக நாம் கருதுகிறோம்.

கேட்பவனின் கலை

1964இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வெளிவந்தபோது பாலையாவுக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், பணத்திற்கு மதிப்புக் கொடுப்பவர்; தம் பெருமிதத்தாலேயே ஏமாறுபவர். அதிகாரமுள்ளவனை நகைப்புக்குரியவனாக்கும் மரபு நம் மண்ணில் பழையது. சீவலப்பேரிக்கு இலக்கிய நிலைபேறு தந்த ‘முக்கூடற்பள்ளு’வின் பண்ணைக்காரன் அத்தகையவனே. அவனது அதட்டல் எத்தனை பெரிதோ அத்தனை பெரிது கேலியும். விஸ்வநாதனை அப்பண்ணைக்காரனின் வழித்தோன்றல் எனலாம்.

திரைப்படமெடுக்கத் துடிக்கும் மகனாக வரும் நாகேஷ், தந்தைக்குப் பேய்க்கதையொன்று கூறும் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. புகழின் பெரும்பகுதி நாகேஷுக்குச் சென்றது, அது தகும். ஆயினும் அக்காட்சியில் பாலையா சொல்வது மிகக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். அலட்சியமாக அமர்ந்திருப்பவர் சிறிது சிறிதாகக் கதைக்குள் இழுக்கப்படுகிறார். கண் விரிகிறது, உடல் ஒடுங்குகிறது, பெருமிதம் கழன்று விழுகிறது. கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசப் பழகிய மேடை நடிகர், பேசாமலிருந்து ஒரு காட்சியைத் தாங்குகிறார். கதை அச்சமூட்டுகிறது என்பதற்கு நாம் காணும் ஒரே சான்று அவர் முகமே.

ஹரீரியின் ‘மகாமாத்’ பயின்றோருக்கு இது எளிதில் விளங்கும். ஐம்பது மகாமாக்களிலும் அபூ ஸைத் அஸ்ஸரூஜி வேடம் மாறி மாறி வந்து நாவன்மையால் கூட்டத்தை மயக்குகிறான். ஆனால் மயங்கியும் வியந்தும் ஈற்றில் அவனை அடையாளங்கண்டும் நிற்கும் அல்ஹாரிஸ் இப்னு ஹம்மாம் இல்லையெனில் அந்நூலே இல்லை. நாகேஷ் அபூ ஸைதானது பாலையா ஹாரிஸாக இருந்ததனால்தான். 1966இல் இப்படம் ‘பியார் கியே ஜா’ என்று இந்தியில் வந்தபோது மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இவ்வேடங்களை ஏற்றனர். வேறொரு மொழியில் மீண்டும் நடிக்கப்பட வேண்டிய அளவுக்கு அவ்விருவர் உறவு கதையின் உயிராக இருந்தது.

1965இல் ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாட’லில் ஹேமநாத பாகவதர். பாலமுரளி கிருஷ்ணாவின் குரலுக்கு உடலளிக்கும் பொறுப்பு பாலையாவுடையது. இளமையில் பாட்டு அவருக்கு முழுமையாகத் திறக்காத கதவாக இருந்தது. ஐம்பதைக் கடந்தபின் அதே பாட்டு இரவற்குரலாக வந்து அவருக்கு அழியாப் புகழளித்தது. தோள் நிமிர்வும், சபையை அளக்கும் பார்வையும், எதிரியைத் துரும்பாக எண்ணும் புன்னகையும் கொண்ட அந்த வித்தைச் செருக்கர் அரசவைக்கு மட்டும் உரியவரல்லர். நம் மதரஸா முற்றங்களின் வாதமேடைகளிலும் அவரது சாயல் கொண்டோரைக் கண்டிருக்கிறோம். விறகு விற்க வந்தவனின் பாட்டைக் கேட்டு அச்செருக்கு இறங்கும் இடத்தில் பாலையா கூச்சலிடுவதில்லை. உடலிலிருந்து காற்று வெளியேறியதுபோலத் தளர்கிறார். கல்வியாளர் ஒவ்வொருவரும் காணத்தக்க காட்சி அது.

1967இல் பாலசந்தரின் ‘பாமா விஜய’த்தில் மூன்று மகன்களின் பகட்டைக் கண்டு மனம் வெதும்பும் தந்தை. 1968இல் ‘தில்லானா மோகனாம்பா’ளில் தவில் வித்துவான் முத்துராக்கு. நாயகனின் முன்கோபத்தைத் தாளத்தால் கட்டிவைக்கும் பக்கவாத்தியக்காரர். இவ்வேடம் அவரது கலைவாழ்வுக்கே ஒரு விளக்கவுரை. பக்கவாத்தியம் பிறழ்ந்தால் கச்சேரி கெடும். பிறழாதபோது எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

உண்மையான இறக்கம் எது?

இவ்வளவு கூறியபின் குறைகளையும் கூறுதல் நீதியாகும். விஸ்வநாதனின் வெற்றிக்குப் பின் அதே அசடுவழியும் பணக்காரத் தந்தை வேடம் அவரைத் தேடித் தேடி வந்தது. 1967இல் ஸ்ரீதரே எடுத்த ‘ஊட்டி வரை உறவு’ அதற்கு ஒரு சான்று. திகைத்து விழித்தல், சொல்லை மென்று இழுத்தல், திடீரென அதட்டுதல் ஆகியவை உத்திகளாகி, பின்னர் வழக்கங்களாயின. எல்லா வேடத்தையும் ஏற்கவல்லவர் ஒரே வேடத்தின் வெவ்வேறு சட்டைகளை அணிய நேர்ந்தது. வில்லனிலிருந்து நகைச்சுவைக்கு வந்ததன்று அவரது இறக்கம். வெற்றிபெற்ற ஒன்றைத் திரும்பத் திரும்ப விற்கும்படி சந்தை அவரை நிறுத்தியதே இறக்கம். அச்சந்தைக்கு அவரும் இணங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இணங்காமல் முயன்றவரும் உண்டு. 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் பாரதியாக வாழ்ந்துகாட்டிய சுப்பையா, 1969இல் ஜெயகாந்தனின் கதையைத் தாமே தயாரித்து ‘காவல் தெய்வம்’ ஆக்கினார். சிறைச்சாலையைப் பற்றிய அப்படம், நடுவயதுக் கலைஞனுக்குத் தகுந்த வேடத்தை யாரும் எழுதித் தராவிடில் அவனே தேடிக்கொள்ள வேண்டும் என்ற துணிவின் விளைவு. பாலையாவின் முழு ஆற்றலையும் மையமாகக் கொண்ட ஒரு படம் அவரது பிற்காலத்தில் எடுக்கப்படவேயில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவர் மறைந்துவிட்டார். நாயகனின் வயதுக்கு மட்டுமே கதை எழுதும் தமிழ்த் திரையின் வறுமை இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இன்னொரு இழப்பு மேடையைச் சார்ந்தது. அவரை உருவாக்கிய நாடக இரவுகளுக்குப் பதிவேதுமில்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) உட்படத் தொடக்ககாலப் படங்கள் பலவும் அழிந்துபோயின. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவரது பிற்காலப் படங்களே. ஆகவே இன்றைய இளைஞருக்குப் பாலையா என்றால் சிரிக்கவைத்த தந்தை. 1936இல் கொட்டகையை நடுங்கவைத்த தீய நண்பனை அவர்கள் அறியார். ஒரு நூலின் முற்பகுதி ஏடுகள் செல்லரித்துப்போக, பிற்பகுதியை மட்டும் படித்துவிட்டு ஆசிரியரை மதிப்பிடுவதற்கு இது ஒப்பாகும். கைப்பிரதிகளோடு பழகும் நமக்கு அதன் தீங்கு தெரியும். ஆதாரம் குறைந்தவிடத்தில் தீர்ப்பைத் தாழ்த்திச் சொல்வதே ஆய்வு நெறி.

எனவே பன்முக நடிகர் ஒருவரை மதிப்பிடும்போது பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் எத்தனையாவது வரியில் வந்தது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு வேறு மூன்றைக் கேட்கலாம் என்பது நம் பரிந்துரை. ஏற்ற வேடத்தில் ஒரு மனிதக் கூட்டத்தின் இயல்புகளைத் திரட்டிக் காட்டினாரா? உடன் நடித்தவரின் கலை அவரால் உயர்ந்ததா? தாம் முன்னர் செய்ததையே செய்துகொண்டிருந்தாரா, அதிலிருந்து நகர்ந்தாரா? முதற்கேள்விக்குச் சேட்டும் ஹேமநாதரும் விடை. இரண்டாவதற்கு நாகேஷும் சுப்பையாவும் சான்று. மூன்றாவதில்தான் பாலையா தடுமாறினார். அதுவும் இறுதிச் சில ஆண்டுகளில். இவ்வளவையால் அளந்தால், 1956இல் இறங்கிவிட்டதாகச் சொல்லப்படும் கோடு 1959இலும் 1964இலும் 1965இலும் உயர்ந்து செல்வதைக் காணலாம்.

பொருநைக் கரையின் ஊர்களில் நாடகக் கம்பெனிகளின் முகாம்களைப் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்டறிந்த முதியவர்கள் இன்னும் உள்ளனர். பழைய நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் சில வீடுகளின் பரண்களில் கிடக்கக்கூடும். அவற்றைத் திரட்டி நூலகங்களில் சேர்ப்பது வட்டார வரலாற்றில் ஆர்வமுள்ள நம் மாணவர்கள் இவ்வாண்டே தொடங்கக்கூடிய பணி. பாலையாவைப் பற்றிய முழுமையான தீர்ப்பு, அந்த முற்பகுதி ஏடுகள் கிடைத்தபின்னரே எழுதத்தக்கது.